பிக்கப் வண்டியின் முன்புறம் உயர்ந்த வரலாறு

அமெரிக்கப் பிக்கப் வண்டிகள் பெரும்பாலும் பின்புறம் ஓரிரு அங்குலம் உயர்ந்த நிலையிலேயே தொழிற்சாலையை விட்டு வெளிவருகின்றன. தொட்டியில் பாரம் ஏறிக் கமான் பட்டை அமுங்கும்போது வண்டி மட்டமாக நிற்பதற்கான ஏற்பாடு அது. இந்தச் சாய்வைப் போக்க முன்புறத்தை மட்டும் தூக்கித் தரும் உதிரிபாகத் தொகுப்பே லெவலிங் கிட். அதைப் பொருத்தினால் மட்கார்டுக்கடியில் இடம் கூடிப் பெரிய டயருக்கும் வழி பிறக்கிறது.

1925-இல் ஃபோர்டு தனது மாடல் டி பிக்கப்பை 281 டாலருக்கு விற்றது. சுமை இழுப்பதற்கென்றே வாங்கப்பட்ட அந்த வண்டியின் நிற்கும் கோலத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. 1946-இல் டாட்ஜ் பவர் வேகன் நான்கு சக்கர இயக்கத்தோடு பொதுமக்களிடம் வந்தது. 1967-இல் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் நெடும்பந்தயம் தொடங்க, பாலைவனத்தில் வண்டி ஓட்டும் ஆசை பரவியது. 1976-இல் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் எல்லாத் தரைக்கும் ஏற்ற ரேடியல் டயரை அறிமுகப்படுத்தியது. செயின்ட் லூயிஸில் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கான கடை வைத்திருந்த பாப் சாண்ட்லர், தன் 1974 ஃபோர்டு எஃப்-250-ஐப் படிப்படியாக உயர்த்தி 'பிக்ஃபுட்' ஆக்கினார். 1981-இல் அது 48 அங்குல டயர்களோடு பழைய கார்களின் மேல் ஏறி நசுக்கியது. பெரிய டயர் மீதான மோகத்துக்கு அதைவிட வலுவான விளம்பரம் இருந்திருக்க முடியாது.

ஆனால் லெவலிங் கிட்டின் தோற்றத்துக்கு உண்மையான காரணம் சஸ்பென்ஷன் மாறியதுதான். முன்னால் முழு அச்சும் கமான் பட்டையும் இருந்தவரை, வண்டியைத் தூக்கப் பட்டைகளையே மாற்ற வேண்டியிருந்தது. 1988-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் நான்கு சக்கர இயக்கப் பிக்கப்பின் முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷனும், முறுக்கத்தால் வில்லாக இயங்கும் டார்ஷன் பாரும் கொடுத்தது. அதன் சரிசெய்யும் போல்ட்டை முறுக்கினாலே முன்புறம் எழுந்தது; செலவு சொற்பம். ஆனால் ஓட்டத்தின் தரம் கெட்டது: சக்கரம் கீழிறங்கும் தூரம் குறைந்து பயணம் முரட்டுத்தனமானது. 2004 ஃபோர்டு எஃப்-150 போன்ற வண்டிகளில் சுருள் வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒன்றான அமைப்பு வந்தபின், அதன் தலையில் வைக்கும் உலோக ஸ்பேசரே வழக்கமான கிட் ஆனது. அந்த அமைப்பு, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் நடுப்பகுதியில் இணைவதால் நெம்புகோல் விதி வேலை செய்கிறது. ஓர் அங்குல ஸ்பேசர் வண்டியை ஏறக்குறைய இரண்டு அங்குலம் உயர்த்துகிறது.

இதனால் வரும் சிக்கல்களும் உண்டு. வீல் அலைன்மென்ட் கலைகிறது. அச்சு மூட்டுகள் கூடுதல் சாய்வான கோணத்தில் சுழன்று தேய்கின்றன. முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் படுகிறது. 31.6 அங்குல டயர் இருந்த இடத்தில் 32.7 அங்குல டயர் வந்தால், வேகமானி 60 மைல் காட்டும்போது வண்டி 62 மைலில் ஓடும். முன்புறத்தை அளவுமீறி உயர்த்தும் 'ஸ்குவாட்' மோகத்துக்கு 2021-இல் வட கரோலினா சட்டத் தடை போட்டது. அது தேவையான தடைதான்.

இதற்குள் தயாரிப்பாளர்களும் இந்த ஆசையைப் புரிந்துகொண்டார்கள். 2010 மாடலான ஃபோர்டு ராப்டர் 35 அங்குல டயர்களோடு தொழிற்சாலையிலிருந்தே வந்தது. அதன் சஸ்பென்ஷனும் சக்கர அகலமும் மட்கார்டும் அந்த டயரை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டவை. ஸ்பேசர் மட்டும் செருகிய வண்டி அதற்கு ஈடாகாது.