ஈயம் ஒழிந்த கதை



பழைய மாணவர் ஒருவர் போன வாரம், "சார், காரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது. மாற்றப் பெருந்தொகை கேட்கிறார்கள். அப்படி அதில் என்னதான் இருக்கிறது?" என்றார். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது தம்பி! தேன்கூடு போன்ற பீங்கானில் மெல்லிதாகப் பூசியிருப்பார்கள். நச்சுப்புகையான கார்பன் மோனாக்சைடு அதில் பட்டு கார்பன் டை ஆக்சைடாகும், நைட்ரஜன் ஆக்சைடு நைட்ரஜனாகும். வினையூக்கி மட்டும் தீராது. வகுப்பில் படித்தது நினைவிருக்கிறதா?

இதற்கு வித்திட்டவர் யூஜின் ஹூட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர். வினையூக்கி கொண்டு கச்சா எண்ணெயிலிருந்து உயர்ரகப் பெட்ரோல் எடுக்கும் முறையைக் கண்டவர். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்களுக்கு அது பெரிதும் கைகொடுத்தது. பெட்ரோலைப் பெருக்கிய அதே மனிதர் பின்னாளில் லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டத்தைக் கண்டு கவலைப்பட்டு, 1950களில் கார்ப்புகையைச் சுத்தம் செய்யும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் கார்களில் அது எடுபடவில்லை. என்ஜின் இடிக்காமலிருக்க 1920களிலிருந்தே பெட்ரோலில் கலந்து வந்த ஈயம், வினையூக்கியின் மேல் படிந்து அதை முடக்கிவிடும். 1962இல் ஹூட்ரி காலமானார், பாவம்.

1970இல் அமெரிக்கா காற்றுத் தூய்மைச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1975 மாடல் கார்களில் கன்வெர்ட்டர் வந்தது. அதைக் காப்பாற்றவே ஈயமில்லாப் பெட்ரோலும் பங்குக்கு வந்தது. குழந்தைகளின் மூளையைக் கெடுத்த ஈயம் இப்படித்தான் விலகத் தொடங்கியது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய லாபம். இங்கே 1995 ஏப்ரலில் மெட்ராஸ் உட்பட நான்கு பெருநகரங்களில் தொடங்கி, 2000இல் நாடு முழுவதும் ஈயம் நின்றது.

அந்த மாணவரின் கார் பல மாதமாக மிஸ்ஃபயர் ஆகியே ஓடியதாம். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் பீங்கானே உருகிவிடும். என்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்பார்க் பிளக்கை உடனே பார்க்கச் சொல்லுங்கள்.