அண்ணா அசாரே

அண்ணா அசாரே (பிறப்பு: சூன் 15, 1937) இந்தியத் தரைப்படையில் சரக்குந்து ஓட்டுநராகப் பணியாற்றிய முன்னாள் படைவீரரும் சமூக ஆர்வலரும் ஆவார். இவரது இயற்பெயர் கிசன் பாபுராவ் அசாரே. தமிழைப் போன்றே மராத்தியிலும் "அண்ணா" என்பது மூத்தவரை மதிப்புடன் அழைக்கும் சொல்லாகும். மகாராட்டிரத்தின் ராளேகண் சித்தி என்னும் வறண்ட சிற்றூரை மாற்றி அமைத்ததற்காகவும் ஊழல் எதிர்ப்புப் போராட்டங்களுக்காகவும் இவர் அறியப்படுகிறார்.

இளமை

அகமதுநகர் (2024 முதல் அகில்யாநகர்) மாவட்டத்தில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தார். குழந்தையில்லாத உறவினர் ஒருவர் இவரைப் படிக்க வைப்பதற்காக மும்பைக்கு அழைத்துச் சென்றார். ஆயினும் பொருளியல் நெருக்கடியால் ஏழாம் வகுப்புடன் படிப்பு நின்றது. பின்னர் தாதரில் பூ விற்றுப் பிழைத்தார்.

படைப்பணி

1960களின் முற்பகுதியில் தரைப்படையில் சேர்ந்து ஓட்டுநராகப் பயிற்சி பெற்றார். போர்முனையில் உள்ளவர்களுக்கு உணவு, எரிபொருள், வெடிபொருள் ஆகியவற்றைக் கொண்டு சேர்ப்பது சரக்குந்து ஓட்டுநர்களின் பொறுப்பாகும். இதனால் நேரடியாகச் சண்டையிடாத போதும் அவர்களது வண்டிகள் எதிரியின் தாக்குதலுக்கு உள்ளாகின்றன.

1965ஆம் ஆண்டு இந்திய-பாக்கித்தான் போரின்போது பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் அசாரே பணியில் இருந்தார். அங்கு நிகழ்ந்த தாக்குதலில் உடனிருந்த வீரர்கள் உயிரிழக்க, வண்டியோட்டிய இவர் மட்டும் உயிர் தப்பியதாகக் கூறப்படுகிறது. அது வான்வழித் தாக்குதல் என்றும் எல்லையில் நடந்த துப்பாக்கிச் சூடு என்றும் வெவ்வேறு விதமாகப் பதிவாகியுள்ளது. தாம் மட்டும் பிழைத்தது ஏன் என்ற கேள்வி தம்மை விடாது தொடர்ந்ததாக இவர் பின்னாளில் கூறியுள்ளார். புது தில்லி தொடர்வண்டி நிலையத்தில் வாங்கிய விவேகானந்தரின் நூலொன்று, எஞ்சிய வாழ்நாளைப் பிறருக்காகச் செலவிடும் முடிவுக்குத் தம்மை இட்டுச் சென்றதாகவும் குறிப்பிட்டுள்ளார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1975இல் படையிலிருந்து விடைபெற்றார்.

ராளேகண் சித்தி

மழை குறைந்த இவ்வூரில் அப்போது வறட்சி, கடன், கள்ளச்சாராயம் ஆகியவை மிகுந்திருந்தன. படைப்பணி முடிந்து கிடைத்த பணத்தை ஊர்க் கோயிலைச் சீரமைக்கக் கொடுத்த அசாரே, அங்கேயே ஓர் அறையில் தங்கினார். ஊர் மக்கள் உடலுழைப்பை நன்கொடையாக அளித்து, ஓடைகளின் குறுக்கே தடுப்பணைகளும் சரிவுகளில் வரப்புகளும் அமைத்தனர். ஓடிவரும் மழைநீர் தேங்கி நிலத்தில் இறங்கியதால் கிணறுகளின் நீர்மட்டம் உயர்ந்து, சாகுபடி பெருகியது. மரம் வெட்டுதலும் கட்டற்ற மேய்ச்சலும் தடை செய்யப்பட்டன. இப்பணிகளுக்காக 1990இல் பத்மசிறீ, 1992இல் பத்மபூசண் விருதுகள் இவருக்கு வழங்கப்பட்டன.

ஊழல் எதிர்ப்பு

மகாராட்டிரத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கோரி 2003இல் உண்ணாநிலை மேற்கொண்டார். நாடு முழுமைக்குமான சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. லோக்பால் அமைப்பை வலியுறுத்தி 2011 ஏப்ரலிலும் ஆகத்திலும் தில்லியில் இவர் இருந்த உண்ணாநிலை, நாடெங்கும் இளைஞர்களை ஈர்த்தது. லோக்பால் சட்டம் 2013 திசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன்படி மாநிலங்கள் லோக் ஆயுக்தா அமைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் 2018இல் நிறைவேற்றப்பட்டது.

விமர்சனங்கள்

ராளேகண் சித்தியில் மது அருந்தியவர்கள் கம்பத்தில் கட்டி அடிக்கப்பட்டதும், அதனை அசாரே நியாயப்படுத்தியதும் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின. ஊரை மீட்க உதவிய படைத்துறைக் கட்டுப்பாடே தனிமனித உரிமைகளைப் பறித்தது என்பது விமர்சகர்களின் வாதமாகும். தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தை உண்ணாநிலையால் நெருக்குவது முறையா என்ற கேள்வியும் எழுப்பப்பட்டது. எனினும், மழைநீர்ச் சேமிப்பில் இவ்வூர் பெற்ற பட்டறிவு, வறண்ட பகுதிகளின் நீர்வடிப்பகுதி மேம்பாட்டுக்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது.