குற்றப் பாங்கு ஆய்வு: சேவூர், திருப்பூர் வட்டார நோக்கில்

குற்றம் நடந்த இடத்தில் குற்றவாளி நடந்துகொண்ட விதத்தை வைத்து, அவர் எப்படிப்பட்டவர், இதற்கு முன் எங்கே கைவரிசை காட்டியிருக்கிறார், அடுத்து எங்கே போகக்கூடும் என்று கணிக்கும் புலனாய்வு முறை. காவல் நிலையங்களில் இதை ‘எம்.ஓ. (குற்றம் செய்யும் முறை) பார்ப்பது’ என்பார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் கண்டுபிடித்த கலை என்ற எண்ணம் சினிமா தந்தது. இந்தியாவில் இதன் வேர் காவல் நிலையப் பதிவேடுகளில் இருக்கிறது. அந்த வேரில் நல்லதும் உண்டு, நஞ்சும் உண்டு.

தோற்றம்

1830களில் ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஸ்லீமன், தக்கர்கள் எனப்பட்ட வழிப்பறிக் கொலைக் கும்பல்களைப் பிடித்தபோது, அப்ரூவர்களாக மாறியவர்களிடம் கேட்டுக் கேட்டு அவர்களுடைய தொழில்முறையை எழுதிவைத்தார். வழிப்போக்கரோடு நட்பாகச் சேர்ந்துகொள்வது, துணியால் கழுத்தை இறுக்குவது, பிணத்தைப் புதைப்பது என்று ஒவ்வொன்றும் பதிவானது. அவர்களுடைய குழூஉக்குறிகளை 1836இல் நூலாகவே வெளியிட்டார். கூடவே குடும்ப மரங்களையும் வரைந்தார். கோணல் தொடங்கியது அங்கேதான். செயலைப் பார்க்க வேண்டிய கண் பிறப்பைப் பார்க்கத் தொடங்கி, சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாக்கிய 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் போய் நின்றது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அச்சட்டத்தின்கீழ் கைரேகை வைக்க மறுத்த பிறமலைக் கள்ளர் சமூகத்தினர் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது 1947இல்.

இன்னொரு கிளை, யாருடைய சாதியையும் கேட்காதது. ஆஸ்திரியாவின் ஹான்ஸ் கிராஸ் 1893இல் எழுதிய புலனாய்வுக் கையேட்டை, சென்னையில் அரசு வழக்கறிஞராக இருந்த ஜான் ஆடமும் ஜே. காலியர் ஆடமும் ஆங்கிலத்தில் பெயர்த்து இந்திய நடைமுறைக்கேற்ப விரித்தார்கள். 1906இல் அது அச்சானது சென்னையில். அதே காலத்தில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் காவல் தலைவர் ஆட்சர்லி, திருட்டுகளைச் சில கேள்விகளால் வகைப்படுத்தினார். எந்த மாதிரி வீடு, எந்த வழியாக நுழைந்தான், என்ன கருவி, எந்த நேரம், என்ன பொய் சொல்லிக்கொண்டு வந்தான், கூட்டாளி உண்டா, எதில் ஏறி வந்தான், அவனுக்கே உரிய கிறுக்குத்தனம் என்ன? நம்மூர் எம்.ஓ. பதிவுகளிலும் இன்றுவரை கேட்கப்படுபவை ஏறத்தாழ இவையே.

சாளை வழக்குகள்

அவிநாசியிலிருந்து புளியம்பட்டி போகும் வழியில் இருக்கிறது சேவூர். நிலக்கடலை ஏலத்துக்குப் பேர்போன ஊர். ஊரைத் தாண்டினால் வீடுகள் சேர்ந்திருப்பதில்லை; தோட்டத்துக்கு ஒரு சாளை (தோட்டத்து வீடு), அதில் மாடு கட்டும் கட்டுத்தரை, ஒரு நாய், வயதான இருவர். பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனி பார்க்கிறார்கள், இல்லையென்றால் வெளியூரில் வேலை. மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அப்பாரும் ஆத்தாவும் சாளையிலேயே இருந்துவிடுகிறார்கள். கூப்பிடு தூரத்தில் ஆள் இல்லை. கொங்கு நாடு முழுக்க இதுதான் நிலைமை. குற்றவாளி தேர்ந்தெடுக்கும் இலக்கே அவனைப் பற்றிய முதல் தடயம் என்பது இத்துறையின் பால பாடம். அதற்குச் சாளையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

2024 நவம்பர் இறுதியில், திருப்பூர் மாவட்டம் சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் மூவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தனிப்படைகள் பல அலைந்தும் துப்புத் துலங்காமல் வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. ஐந்து மாதம் கழித்து ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்தில் தனியாக இருந்த முதிய தம்பதி அதேபோலக் கொல்லப்பட்டு நகைகள் போயின. மாவட்டம் வேறு, காவல் நிலையம் வேறு. ஆனால் ஒதுங்கிய சாளை, முதியவர்கள், முன்கூட்டியே நோட்டம், இரவு நேரம், சத்தம் போட ஆளில்லாமல் செய்யும் கொடூரம் எல்லாம் ஒன்று. 2025 மே மாதம் சிவகிரி வழக்கில் மூவர் கைதானபோது, சேமலைகவுண்டம்பாளையக் கொலைகளும் அவர்கள் செய்தவையே என்று காவல்துறை அறிவித்தது. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை அது காவல்துறையின் கூற்று மட்டுமே.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. இந்த வட்டாரத்தில் எங்கே கொள்ளை நடந்தாலும் டீக்கடைப் பேச்சு முதலில் போவது வடமாநிலத் தொழிலாளர்கள் பக்கம். கைதானவர்களோ அரச்சலூர்ப் பகுதிக்காரர்கள், பக்கத்து மாவட்டம். டீக்கடையில் வரையப்படும் குற்றவாளிச் சித்திரம் வெறும் வெறுப்பு. அதைப் பாங்கு ஆய்வு என்று சொல்லக்கூடாது.

அந்த வெறுப்புக்குத் தீனி போட்ட வழக்கும் இல்லாமல் இல்லை. 1995 முதல் பத்தாண்டுகள் தமிழக நெடுஞ்சாலையோர வீடுகளில் ஒரே மாதிரிக் கொள்ளைகள் நடந்தன. நள்ளிரவில் கும்பலாகக் கதவை உடைத்து, இரும்புக் கம்பியால் தாக்கி, நாட்டுத் துப்பாக்கியால் சுட்டு, லாரியில் ஏறிப் போய்விடுவார்கள். பல மாவட்டங்களில் தனித்தனிக் கோப்புகளாகக் கிடந்த இவை, 2005 ஜனவரி 9 அன்று கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் கே. சுதர்சனம் கொல்லப்பட்ட பிறகே ஐ.ஜி. எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையில் ஒரே கயிற்றில் கோக்கப்பட்டன. பாங்கு வழக்குகளைச் சேர்த்தது. ஆளைக் காட்டியது கைரேகை. வட மாநிலங்களில் அலைந்த தனிப்படை, பதிவேட்டில் இருந்த ரேகையோடு ஒப்பிட்டு ஆளைக் கண்டது. அந்தக் கும்பலை இன்றும் ‘பவாரியா’ என்று ஒரு சமூகத்தின் பெயராலேயே அழைக்கிறோம். 1871இன் நிழல் முழுதாகப் போய்விடவில்லை.

மேலை முறைகளும் அவற்றின் எல்லையும்

1888இல் லண்டன் தொடர் கொலைகளுக்காக மருத்துவர் தாமஸ் பாண்ட் எழுதிய குறிப்பை முதல் குற்றவாளிச் சித்திரம் என்பார்கள். அமெரிக்க எஃப்.பி.ஐ. 1972இல் நடத்தை அறிவியல் பிரிவைத் தொடங்கி, சிறையிலிருந்த 36 கொலையாளிகளைப் பேட்டி கண்டு, ‘திட்டமிட்டவர்’, ‘ஒழுங்கற்றவர்’ என்று இரண்டாகப் பிரித்தது. பிரிட்டனின் டேவிட் கேன்டர் 2004இல் உண்மைத் தரவுகளோடு இதை உரசிப் பார்த்தபோது அந்தப் பாகுபாடு நிற்கவில்லை. அவருடைய வழி வேறு: குற்றவாளி தனக்குப் பழகிய நிலத்தில்தான் வேட்டையாடுவான், சம்பவ இடங்களை வரைபடத்தில் குறித்தால் வட்டத்துக்குள் அவன் வீடு இருக்கும் என்பது அவர் கணக்கு. 1986இல் லண்டன் ரயில் பாதையோரக் குற்றங்களில் ஜான் டஃபி சிக்க இது உதவியது. ஆனால் ஓடிக்கொண்டே இருப்பவனுக்கு வட்டம் போட முடியாது. 2009 ஆகஸ்டில் சேவூருக்குக் கிழக்கே பெருமாநல்லூரில் காவல் பணியில் இருந்த பெண் காவலரைக் கடத்திக் கொன்ற வழக்கில் கைதான ஜெய்சங்கர் அப்படிப்பட்டவன். நெடுஞ்சாலைதான் அவன் நிலம். 2011இல் சேலத்தில் போலீஸ் காவலிலிருந்து தப்பியவன் சிக்கியது கர்நாடகத்தின் விஜயபுரப் பக்கம்.

1992இல் லண்டனில் ரேச்சல் நிக்கல் கொலையில் நடந்தது இன்னும் மோசம். உளவியலாளர் வரைந்த சித்திரத்துக்குப் பொருந்துகிறார் என்று காலின் ஸ்டேக் என்பவரைப் பொறிவைத்துப் பிடித்தார்கள். 1994இல் நீதிபதி வழக்கைத் தூக்கியெறிந்தார். உண்மைக் கொலையாளி பின்னர் டி.என்.ஏ. மூலம் தெரியவந்தான்.

சட்டத்தில் இடம்

பாங்கு புலனாய்வுக்கு வழிகாட்டலாம், தண்டனைக்கு அடிப்படையாகாது. ஒருவர் கெட்டவர் என்பதே அவர் இதைச் செய்தார் என்பதற்குச் சான்றாகாது என்று இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 54ஆம் பிரிவு சொன்னது. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்‌ஷ்ய அதிநியமும் அதையே சொல்கிறது. உண்மை கண்டறியும் ஊசி, மூளை வரைவு போன்றவற்றைச் சம்மதமின்றிச் செய்யக்கூடாது என்று செல்வி என்பவரின் வழக்கில் 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுபக்கம், 2022இன் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், கைரேகை, கருவிழி ஆகியவற்றோடு கையெழுத்து உள்ளிட்ட ‘நடத்தைப் பண்புகளையும்’ கைதானவர்களிடமிருந்து பதிவு செய்ய அனுமதிக்கிறது. அந்தப் பதிவுகளைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டுகள் வைத்திருக்கும்.