முதுகெலும்பு டிபி: சேத்துப்பட்டு சொன்ன பதில்

1/
முதுகு வலின்னு சொன்னா நம்ம ஊர்ல பதில் ரெடியா இருக்கும். "டிஸ்க் விலகியிருக்கும்", "வாயுப் பிடிப்பு", "டூவீலர் ஓட்டறதை நிறுத்து". பெரும்பாலானவங்களுக்கு அது சாதாரண வலிதான். ஆனா சிலருக்கு வேற ஒரு காரணம் இருக்கும். முதுகெலும்புல டிபி. அந்த நோய்க்கு எப்படி வைத்தியம் பார்க்கணும்னு உலகத்துக்குச் சொன்ன ஊர்கள்ல நம்ம சென்னையும் ஒண்ணு. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
மயிலாப்பூர்ல என் கிளினிக்குக்கு ஒரு பொண்ணு வந்தா. 24 வயசு. டி.நகர்ல ஜவுளிக்கடை வேலை, நாள் பூரா நிக்கணும். ரெண்டு மாசமா நடு முதுகுல வலி. நின்னு நின்னு வந்த வலின்னு நினைச்சு நானும் முதல் தடவை வலி மாத்திரைதான் எழுதினேன். தப்பு என்னுடையதுதான். இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும்.

3/
மூணு வாரம் கழிச்சு அம்மாவோட வந்தா. அம்மாதான் சொன்னாங்க: "ராத்திரி வலி தாங்காம எழுந்து உக்காந்துக்கறா டாக்டர். சாயங்காலமானா உடம்பு கணகணன்னு இருக்கு. போட்ட சுடிதாரெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு." எம்ஆர்ஐ எடுத்தோம். அடுத்தடுத்த ரெண்டு முதுகெலும்புகள் அரிச்சிருந்தது. பக்கத்துல சீழ். ஊசி வழியா திசு எடுத்துப் பார்த்ததில் டிபி உறுதியாச்சு.

4/
அம்மா மூணு கேள்வி கேட்டாங்க. "ஆபரேஷன் பண்ணணுமா? படுத்த படுக்கையா இருக்கணுமா? எத்தனை மாசம் ஆஸ்பத்திரியில வைக்கணும்?" இந்த மூணுக்கும் நான் அன்னைக்கு தைரியமா பதில் சொன்னேன். அந்த தைரியம் எங்கிருந்து வந்ததுங்கறதுதான் இந்தக் கதை.

5/
நோய் ரொம்பப் பழசு. 1779-ல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவால் பாட், கூன் விழுந்து கால் செயலிழந்து போறவங்களைப் பத்தி விரிவா எழுதினார். அதனாலதான் இன்னைக்கும் இதுக்கு 'பாட்ஸ் நோய்'னு பேரு. காரணமான கிருமியை ராபர்ட் காக் அறிவிச்சது அதுக்கப்புறம் நூறு வருஷம் கழிச்சு, 1882-ல்.

6/
கிருமி பொதுவா நுரையீரல்லேர்ந்து ரத்தம் வழியா எலும்புக்குப் போகும். முதுகெலும்போட முன்பகுதியைத்தான் அதிகமா அரிக்கும். முன்பக்கம் இடிஞ்சா மேல இருக்கற எலும்பு முன்னால சாயும். அதுதான் கூன். சீழோ, உடைஞ்ச எலும்போ தண்டுவடத்தை அழுத்தினா கால் செயலிழக்கும்.

7/
மருந்து வராத காலத்துல வைத்தியம்னா ஓய்வு, சத்தான சாப்பாடு, நல்ல காத்து. இதுக்காகக் கட்டினதுதான் சானடோரியங்கள். கடற்கரை-தாம்பரம் லோக்கல் ட்ரெயின்ல 'சானடோரியம்' ஸ்டேஷனைத் தாண்டிப் போறப்போ அந்தப் பேரு எங்கேர்ந்து வந்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா? 1928-ல் டாக்டர் டேவிட் சவுரி முத்து தொடங்கின காசநோய் சானடோரியம்தான் காரணம். முதுகெலும்பு டிபிக்காரங்களை அந்தக் காலத்துல உலகம் பூரா மாவுக்கட்டுப் படுக்கையில மாசக்கணக்கா, சிலரை வருஷக்கணக்கா, அசையாம படுக்க வைப்பாங்க.

8/
1940-கள்ல ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸும், 1952-ல் ஐசோனியாசிடும் வந்தது. இப்ப ஒரு புதுக் கேள்வி. கிருமியை மருந்தே கொல்லும்னா, படுக்கை எதுக்கு? ஏழை நாடுகளுக்கு இது வெறும் ஆராய்ச்சிக் கேள்வி இல்ல. நோயாளிகள் லட்சக்கணக்குல. படுக்கை சில ஆயிரம்.

9/
பதில் தேட 1956-ல் சென்னையில ஒரு மையம் ஆரம்பிச்சாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாலும் சேர்ந்து. இடம் சேத்துப்பட்டு. வழிநடத்தினவர் வாலஸ் ஃபாக்ஸ். இன்னைக்கு அதோட பேரு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

10/
முதல் ஆய்வு நுரையீரல் டிபிக்கு. 193 நோயாளிகள், எல்லாரும் நகரத்து ஏழைகள். ஒரு பாதி சானடோரியத்துல, இன்னொரு பாதி அவங்கவங்க வீட்டுல. ரெண்டு பக்கமும் ஒரு வருஷம் ஒரே மருந்து. வீட்டுல இருந்தவங்களுக்கு சாப்பாடு குறைவு, இடம் நெருக்கடி, ஓய்வும் குறைவு. ஆனாலும் கிட்டத்தட்ட அதே அளவு குணம். வீட்டுல கூட இருந்தவங்களுக்குத் தொற்று அபாயமும் கூடல. 1959-ல் முடிவு வெளியாச்சு. சானடோரியங்களோட காலம் முடிய ஆரம்பிச்சது அங்கதான்.

11/
"சரி, நுரையீரலுக்கு ஓகே. முதுகெலும்பு வேற சமாச்சாரமாச்சே?" அறுவை மருத்துவர்கள் கேட்டது இதைத்தான். நியாயமான கேள்வி. செத்த எலும்புக்குள்ளேயும் சீழுக்குள்ளேயும் மருந்து எப்படிப் போய்ச் சேரும்? இடிஞ்ச எலும்பை எது தாங்கும்?

12/
1956-ல் ஹாங்காங்ல ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் ஒரு துணிச்சலான வழியைச் சொன்னாங்க. மார்பு அல்லது வயிறு வழியா முன்பக்கமா உள்ள போய், நோய் தாக்கின எலும்பை முழுசா எடுத்துட்டு, அந்த இடத்துல நோயாளியோட எலும்பையே ஒட்டு வைக்கறது. 'ஹாங்காங் ஆபரேஷன்'. அவங்க கையில அருமையான பலன் கிடைச்சது. ஆனா அதுக்கு நல்ல தியேட்டர், மயக்க மருந்து, ரத்தம், கைதேர்ந்த சர்ஜன் எல்லாம் வேணும். சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு எங்க போறது?

13/
பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதுக்குன்னு ஒரு குழு போட்டு பல நாடுகள்ல ஆய்வு நடத்திச்சு. தென்கொரியாவுல மாசான் நகரத்துல ஆறு மாசம் படுக்கையா, முதல் நாள்லேர்ந்தே நடமாட்டமான்னு பார்த்தாங்க. பூசான்ல உடம்புக்கு மாவுக்கட்டு ஜாக்கெட் வேணுமா, வேணாமான்னு பார்த்தாங்க. 1973-ல் வந்த முடிவு: ஒழுங்கா மருந்து சாப்பிட்டா படுக்கையாலயும் கூடுதல் லாபம் இல்ல, மாவுக்கட்டாலயும் இல்ல. ஆனா அப்ப மருந்து 18 மாசம் சாப்பிடணும்.

14/
அடுத்த கேள்விக்கு நம்ம ஊர். 1975-ல் சென்னையில ஆய்வு தொடங்குச்சு. ரிஃபாம்பிசின்னு ஒரு வீரியமான மருந்து அப்ப புதுசு. அதை வச்சு மருந்துக் காலத்தைக் குறைக்க முடியுமா? ஆபரேஷன் அவசியமா? ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஆய்வு. 304 நோயாளிகள், மூணு பிரிவு:
• ஹாங்காங் ஆபரேஷன் + 6 மாசம் மருந்து
• ஆபரேஷன் இல்லாம, நடமாடிக்கிட்டே 6 மாசம் மருந்து
• அதேபோல 9 மாசம் மருந்து
மூணுக்கும் தினமும் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின்.

15/
யாருக்கு எந்தப் பிரிவுன்னு டாக்டர் தேர்ந்தெடுக்கல. குலுக்கல் முறை. "மனுஷங்க உசுரை வச்சு குலுக்கலா?"ன்னு கோபம் வரலாம். யோசிச்சுப் பாருங்க. டாக்டர் தேர்ந்தெடுத்தா, தெம்பா இருக்கறவங்களை ஆபரேஷனுக்கு அனுப்புவார். அப்புறம் அவங்க நல்லா ஆனது ஆபரேஷனாலயா, தெம்பாலயான்னு யாருக்கும் தெரியாது. எது நல்லதுன்னு உண்மையிலேயே தெரியாதபோது குலுக்கல்தான் நேர்மையான வழி.

16/
அப்புறம் நடந்ததுதான் எனக்கு மலைப்பு. பத்து வருஷம் பின்தொடர்ந்தாங்க. செல்போன் இல்லாத காலம். வீடு மாறுவாங்க, ஊர் மாறுவாங்க, கல்யாணமாகிப் போவாங்க. அவங்களைத் தேடிப் பிடிச்சு எக்ஸ்ரே எடுத்து எழுதி வைக்கணும். பார்த்தசாரதியும் சக ஆய்வாளர்களும் எழுதின பத்தாண்டு அறிக்கை 1999-ல், எலும்பு மூட்டு அறுவைக்கான பிரிட்டிஷ் இதழ்ல வந்தது.

17/
முடிவு என்ன? நோய் அடங்கி, சீழ்க்கட்டியோ நரம்புப் பாதிப்போ இல்லாம, வழக்கமான வேலைகளைச் செய்யற நிலைமையை 'நல்ல நிலை'ன்னு வச்சாங்க. பத்து வருஷம் கழிச்சு:
• ஆபரேஷன் + 6 மாசம்: 78 பேர்ல 90%
• மருந்து மட்டும் 6 மாசம்: 78 பேர்ல 94%
• மருந்து மட்டும் 9 மாசம்: 79 பேர்ல 99%

18/
இதைப் படிச்சுட்டு "ஆபரேஷன் கெடுதல்"னு முடிவுக்கு வந்துடாதீங்க. 90-ஐ 99-ஓட ஒப்பிடக் கூடாது, ஏன்னா மருந்து சாப்பிட்ட காலமே வேற. ஆறு மாசத்தை ஆறு மாசத்தோட ஒப்பிடணும். 90, 94. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. அதாவது, இந்த மாதிரி நோயாளிகளுக்கு மருந்து ஒழுங்கா போனா, அவ்வளவு பெரிய ஆபரேஷன் கூடுதலா எதையும் தரல.

19/
இதே அறிக்கை ஒரு எச்சரிக்கையும் சொல்லுது. 15 வயசுக்குக் கீழ, ஆரம்பத்துலயே கூன் 30 டிகிரிக்கு மேல இருந்த குழந்தைகளுக்கு, கிருமி செத்தும் கூன் கணிசமா அதிகமாச்சு. முன்பக்க எலும்பு அழிஞ்சுபோச்சு, பின்பக்கம் மட்டும் வளருது. வளர வளர வளைவு கூடுது.

20/
அதைத் தொடர்ந்து பார்த்தவர் டாக்டர் எஸ். ராஜசேகரன், கோவை கங்கா மருத்துவமனை. ஆபரேஷன் இல்லாம மருந்து சாப்பிட்ட 61 குழந்தைகளோட எக்ஸ்ரேக்களை 15 வருஷக் காலத்துக்குப் பார்த்து, 2001-ல் எழுதினார். எந்தக் குழந்தையோட முதுகு பின்னால மோசமாகும்னு முன்கூட்டியே காட்டிக் கொடுக்கற நாலு எக்ஸ்ரே அடையாளங்களைச் சொன்னார். இன்னைக்கு உலகம் பூரா அதைப் பயன்படுத்தறாங்க. யாருக்கு ஆபரேஷன் வேணாம்னு ஒரு ஆய்வு சொல்லுச்சு. எந்தக் குழந்தைக்கு வேணும்னு இன்னொண்ணு.

21/
இன்றைய நிலை? கால் பலவீனம் அதிகமாகிட்டே போனா, முதுகு நிலை தடுமாறினா, கூன் பெருசானா ஆபரேஷன் வேணும். தள்ளிப்போடக் கூடாது. மத்த பெரும்பாலானவங்களுக்கு மருந்தே போதும். எலும்புக்குள்ள நோய் முழுசா ஆறிடுச்சான்னு தீர்மானிக்கறது கஷ்டம்ங்கறதால, நம்ம நாட்டு வழிகாட்டுதல் இப்ப குறைஞ்சது 12 மாசம் சொல்லுது. அரசு மருத்துவமனைகள்ல மருந்து இலவசம். பதிவு பண்ணின நோயாளிக்கு சத்துணவுக்காக மாசம் 1000 ரூபாயும் உண்டு.

22/
நம்ம பொண்ணு? படுக்கை இல்ல, ஆபரேஷன் இல்ல. வலி இருந்த முதல் சில வாரம் மட்டும் ஓய்வும் பெல்ட்டும். நாலாவது மாசம் வலி சுத்தமா போச்சு. "இனிமே எதுக்கு டாக்டர் மாத்திரை?"ன்னு கேட்டா. இதுதான் ஆபத்தான கட்டம். வலி போறது வேற, கிருமி போறது வேற. பாதியில விட்டா நோய் திரும்பும், அதுவும் மருந்துக்கு அடங்காத கிருமியா திரும்பலாம். அம்மா தினமும் முன்னால நின்னு மாத்திரை கொடுத்தாங்க. 12 மாசம் முடிச்சா. இப்ப அதே கடையில வேலை, கஸ்டமர் இல்லாதப்ப உட்கார ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிட்டாளாம்.

23/
நீங்க ஞாபகம் வச்சுக்க வேண்டியது இவ்வளவுதான். முதுகு வலியோட இதுல ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க:
• சில வாரங்கள் ஆகியும் குறையாத வலி
• படுத்தாலும் விடாத ராத்திரி வலி
• சாயங்காலக் காய்ச்சல், எடை குறையறது, பசியின்மை
• வீட்டுல யாருக்காவது டிபி இருந்தது
• கால் மரத்துப் போறது, தடுமாற்றம், சிறுநீர் கழிக்கச் சிரமம். இது வந்தா அன்னைக்கே போங்க.
டாக்டர் கேட்க மறந்தாலும் நீங்க சொல்லுங்க. நானே மறந்திருக்கேன்.

24/
அந்த 304 பேர் யாருன்னு நமக்குத் தெரியாது. பத்து வருஷம் கூப்பிட்டப்பல்லாம் வந்து எக்ஸ்ரேவுக்கு முதுகைக் காட்டின நம்ம ஊர் ஜனங்க. அவங்க வந்ததாலதான் ஒரு அம்மாகிட்ட "ஆபரேஷன் வேணாம்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க"ன்னு என்னால சொல்ல முடிஞ்சது. அடுத்த தடவை சேத்துப்பட்டு பக்கம் போனா அந்தக் கட்டடத்தை ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. நேரம் கிடைக்கறப்ப பதில் சொல்றேன்.