இடுப்பு முதுகெலும்புத் தேய்மானம்: அறுவை சிகிச்சை

முதுகெலும்பின் அடியில், இடுப்புப் பகுதியிலுள்ள ஐந்து முள்ளெலும்புகளோ அவற்றுக்கு இடையிலுள்ள வட்டுகளோ தேய்ந்து நரம்பை நெருக்கும்போது செய்யப்படும் அறுவைகளின் தொகுதி. வட்டு பிதுங்குதல் (பேச்சுவழக்கில் ‘ஜவ்வு விலகல்’), நரம்புக் கால்வாய் குறுகுதல், ஒரு முள்ளெலும்பு இன்னொன்றின்மேல் நழுவுதல் ஆகிய மூன்றுக்காகவே பெரும்பாலும் செய்யப்படுகின்றன.

கட்டியா, வட்டா?

1908இல் பெர்லினில் ஃபெடோர் கிரௌசே ஒரு நோயாளியின் முதுகெலும்பைத் திறந்து, பிதுங்கிய வட்டை அகற்றினார். ஆனால் அது குருத்தெலும்புக் கட்டி என்றே பதிவானது. இந்தக் குழப்பம் 1932இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் தீர்ந்தது. அங்கே ‘கட்டி’ என்று எடுத்த துண்டு உண்மையில் வட்டுத் திசுவோ என எலும்பு மருத்துவர் ஜோசப் பாருக்கு ஐயம் எழுந்தது. சேமிப்பிலிருந்த பழைய ‘கட்டி’களை எடுத்து மறுபடி ஆராய்ந்தபோது, பலவும் வட்டுகளாகவே இருந்தன. அவரும் நரம்பியல் அறுவை மருத்துவர் வில்லியம் மிக்ஸ்டரும் 1934இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின், தொடையிலிருந்து பாதம்வரை இழுக்கும் சயாட்டிகா வலிக்கு அறுவையும் ஒரு தீர்வானது.

அகற்றுதலும் இணைத்தலும்

நின்றாலும் நடந்தாலும் கால் மரத்துப்போய், உட்கார்ந்து முன்னால் குனிந்தால் வலி தணியும் நிலையை நெதர்லாந்தின் ஹெங்க் வெர்பீஸ்ட் 1950களில் விளக்கினார். கால்வாயே குறுகியிருப்பதுதான் காரணம். முள்ளெலும்பின் பின்புறத் தகட்டை நீக்கி நரம்புக்கு இடம் கொடுப்பது இதற்கான அறுவை.

முள்ளெலும்புகளை ஒட்டவைக்கும் முறை வேறொரு நோயிலிருந்து வந்தது. 1911இல் நியூயார்க்கில் ரசல் ஹிப்ஸும் ஃபிரெட் ஆல்பியும் முதுகெலும்புக் காசநோய்க்காக அதைச் செய்தனர். 1960களில் பிரான்சின் ரேமண்ட் ருவா-காமீ, முள்ளெலும்பின் காம்புப் பகுதி வழியாகத் திருகாணி செலுத்தும் உத்தியை வளர்த்தார்.

சிறிய கீறல், புதிய வழிகள்

1960களில் லைமன் ஸ்மித், பப்பாளியிலிருந்து எடுக்கும் கைமோபாப்பெய்ன் நொதியை ஊசிமூலம் வட்டுக்குள் செலுத்தி அதைக் கரைத்தார். கடும் ஒவ்வாமை போன்ற ஆபத்துகளால் இம்முறை பின்னர் வழக்கொழிந்தது. 1970களில் நுண்ணோக்கியும் பின்னர் உள்நோக்கியும் கீறலைச் சுருக்கின. 1980களில் கிழக்கு பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் ஒரு செயற்கை வட்டு உருவானது. அதை வடிவமைத்த இருவரில் ஒருவரான கரின் பூட்னர்-யான்ஸ், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கம் வென்றவர்.

யாருக்கு, எப்போது?

நார்வேயில் ஹென்ரிக் வெபர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், வட்டு பிதுங்கியவர்களுள் அறுவை செய்துகொண்டவர்கள், செய்யாதவர்களைவிட முதல் ஆண்டில் தெளிவாக முந்தியிருந்தனர். பத்தாம் ஆண்டில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றே. கால்வாய் குறுகிய 247 பேரிடம் நடந்த சுவீடன் ஆய்வு (2016), இடம் கொடுக்கும் அறுவையோடு எலும்பு இணைப்பையும் சேர்ப்பதால் கூடுதல் பலன் இல்லை என்று காட்டியது.

சிறுநீர், மலக் கட்டுப்பாடு திடீரென இழந்தால் அவசர அறுவை தேவை. கால் தசை நாளுக்கு நாள் வலுவிழந்தாலும் தாமதிக்கலாகாது. மற்றவர்களுக்கு மருந்தும் உடற்பயிற்சியுமே முதல் படி. முதுகு வலியே இல்லாத 98 பேரை 1994இல் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, பாதிப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு வட்டு புடைத்திருந்தது. அதனால் ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து அறுவை முடிவாவதில்லை. படத்தில் தெரியும் இடமும் நோயாளி கைவைத்துக் காட்டும் வலியும் பொருந்த வேண்டும்.