நோவறியா நோயாளி

ஊசி போடத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் முதல் ஊசி என்று ஒன்று இருந்தே தீரும். கை நடுங்கியிருக்கும், இடம் பிசகியிருக்கும், மருந்து சிந்தியிருக்கும். பின்னர் பழகிப் போயிருக்கும். பழகிய கையைப் பாராட்டுகிறோம், பட்டம் தருகிறோம். ஆனால், பழகுவதற்கென்று இன்னொரு கை இருந்ததே, அது எவருடைய கை? விரும்பி நீட்டினாரா, வேறு வழியின்றி நீட்டினாரா? செவிலியர் கல்வியின் வரலாற்றைப் படிக்கப் புகுந்த நமக்கு முதலில் எழுந்த கேள்வி இதுதான்.

1860-ஆம் ஆண்டு இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்றிற்று. 1873-இல் அமெரிக்காவின் நியூயார்க், நியூ ஹேவன், பாஸ்டன் நகரங்களில் அதே வழியில் மூன்று பள்ளிகள் எழுந்தன. நாதியற்ற பெண்களின் கடைசிப் பிழைப்பு என்று இகழப்பட்ட வேலையைக் கற்றறிந்தோர் செய்யும் தொழிலாக உயர்த்திய பெருமை இப்பள்ளிகளுடையது. அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பயிற்சி எங்கே நடந்தது? நோயாளியின் கட்டிலருகே! மாணவி பாதி நேரம் மாணவி. மீதி நேரம் மருத்துவமனைக்கு மலிவாகக் கிடைத்த பணியாள். காலையில் காதால் கேட்டதை மாலையில் கையால் செய்தாள் — உயிருள்ள உடலின்மேல்.

அந்தக் கட்டிலில் கிடந்தவர்கள் சீமான்கள் அல்லர். அந்நாளில் சீமானுக்கு நோய் வந்தால் மருத்துவர் மாளிகைக்கே வருவார். தேர்ந்த தாதி ஒருத்தி தலைமாட்டில் அமர்ந்திருப்பாள். மருத்துவமனையின் பொது வார்டுக்கு வந்தவர்கள் கூலிக்காரர்கள், குடியேறிகள், கைவிடப்பட்டவர்கள். கட்டணம் செலுத்த அவர்களிடம் காசில்லை. ஆகவே, வேறொன்றைச் செலுத்தினார்கள். கற்றுக்குட்டியின் கைநடுக்கத்தைத் தங்கள் தோலில் தாங்கிக்கொண்டார்கள். ஏழையின் உடலே பாடப்புத்தகமாயிருந்தது. பிழைதிருத்தமும் அதன் மேலேயே நடந்தது.

நாம் ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள். பயிற்சிக் கல்லூரியில் உடன்பயின்றோரையே மாணவர்களாக உட்காரவைத்து, ஐந்து நிமிடம், பத்து நிமிடம் பாடம் நடத்திப் பழகினோம். எதிரே இருந்தவர்கள் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். அதற்குப் பிறகும், உண்மையான வகுப்பில் நின்ற முதல் ஆண்டில் நாம் செய்த பிழைகளை நாற்பது குழந்தைகள் சுமந்தார்கள். சுண்ணாம்புக்கட்டிப் பிழையே இப்படியென்றால், ஊசிமுனைப் பிழை எப்படியிருக்கும்!

இந்தக் கேள்விக்கு, நைட்டிங்கேல் பள்ளிக்கு நூறாண்டு முன்னரே விடைகண்ட பெண் ஒருத்தி பிரான்சில் இருந்தார். மருத்துவச்சி அஞ்செலிக் து கூத்ரே. 1740-இல் பாரிசில் தேர்ச்சிபெற்றுத் தொழிலில் இறங்கியவர். அறுவை மருத்துவர்கள் மருத்துவச்சிகளுக்குப் பாடம் நடத்த மறுத்தபோது, கல்வி வேண்டும் என்று 1745-இல் விண்ணப்பம் எழுதிய பெண்களில் அவரும் ஒருவர். பின்னர் ஒவேர்ன் என்னும் நாட்டுப்புறப் பகுதிக்குச் சென்றார். அங்கே அவர் கண்டது, பிள்ளைப்பேற்றில் தாயும் மாண்டு சேயும் மாளும் கொடுமை. உதவிக்கு வந்த பெண்களிடம் அன்புக்குக் குறைவில்லை. அறிவு மட்டும் அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. அவர்களிடம் இலத்தீன் ஏட்டை நீட்டிப் பயனென்ன? படிக்க முடியாதவர்க்குத் தொட்டுணரும் பாடம் ஒன்று வேண்டுமென்று எண்ணினார். துணி, தோல், பஞ்சு ஆகியவற்றால் ஒரு பெண்ணின் அடிவயிறும் இடுப்பும் தொடையும் உண்மை அளவில் தைத்தார். பிறக்கும் பிள்ளைக்கும் ஒரு பொம்மை. தொப்புள்கொடியும் நஞ்சுக்கொடியும் துணியிலே. தான் சமைத்ததை அவர் ‘யந்திரம்’ என்றே அழைத்தார். பிற்காலத்தில், உரிய நேரத்தில் நீரும் குருதிநிற நீரும் கசியும்படி உள்ளே கடற்பஞ்சுகளையும் வைத்தார்.

பிள்ளை தலைகீழாக வந்தால் இப்படி, கால் முன்னே வந்தால் இப்படி, கை முன்னே நீண்டால் இப்படி என்று, வரக்கூடிய நிலைகளையெல்லாம் அந்த வயிற்றுக்குள் அமைத்துக் காட்டலாம். மாணவி கைவிட்டுத் தேடலாம், தவறலாம், மீண்டும் தேடலாம். பத்தாம் முறை தவறினாலும் அங்கே ஒரு தாய் சாகமாட்டாள்.

1759-இல் பதினைந்தாம் லூயி மன்னன் அவருக்கு ஆணைப்பத்திரம் வழங்கினான்: நாடெங்கும் சென்று கற்பிக்கலாம். கருணையால் அன்று! போர்க்களத்துக்கு ஆள் வேண்டும், வயலுக்கு உழைப்பு வேண்டும், வரிகட்டக் குடி வேண்டும். பிள்ளைகள் செத்துக்கொண்டேயிருந்தால் அரசு எப்படி நடக்கும்? மன்னனின் கணக்கு அது. அம்மையாரின் கணக்கு வேறு. ஊர்ஊராகப் பொம்மையைச் சுமந்து சென்றார். ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மாத அளவில் வகுப்பு நடத்தினார். 1783 வரையில், ஏறக்குறையக் கால் நூற்றாண்டு. கற்றவர்கள் ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலோர் எழுத்தறியா உழவர் வீட்டுப் பெண்கள். அறுவை மருத்துவர்கள் சிலர் அவரைக் கண்டு முகஞ்சுளித்ததில் வியப்பென்ன!

செவிலியர் பள்ளிகளுக்கு இந்த எண்ணம் வந்துசேர நெடுநாள் ஆயிற்று. 1874-இல் ஃபிளாரன்ஸ் லீஸ் என்னும் செவிலியர் எழுதிய கையேடு, பயிற்சிப் பள்ளியில் ஆளுருவப் பொம்மையும், கட்டுக்கட்டிப் பழகக் கைகால் உருவங்களும் இருக்கவேண்டும் என்றது. இவ்விடத்தில், ‘இதெல்லாம் நம்மிடம் அன்றே உண்டு’ என்று மார்தட்ட ஒரு கூட்டம் எழும் என்பதை அறிவோம். உண்டுதான். சுசுருதர் பெயரால் வழங்கும் நூல், பூசணியிலும் சுரைக்காயிலும் வெட்டிப் பழகு, ஆளுருவப் பொம்மையில் கட்டுக்கட்டிப் பழகு என்று மாணாக்கனுக்குச் சொல்கிறது. நல்ல அறிவு, போற்றுகிறோம். ஆனால், மருத்துவனைச் சிராத்த விருந்துக்கு அழைக்கலாகாது என்று விதித்த மனுவின் நூலும் இதே மண்ணில்தானே மதிக்கப்பட்டது! புண்ணைத் தொட்ட கையைப் பந்தியிலிருந்து விலக்கிய ஊரில், தொட்டுப் பழகும் கலை எப்படித் தழைக்கும்? மார்தட்டுவோர் இதற்கும் விடை சொல்லட்டும். நாம் மேலே செல்வோம்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனைச் செவிலியர் பள்ளி. அதன் முதல்வர் லாடர் சதர்லாந்து அம்மையார். மாணவிகள் பழக ஒரு முழு ஆள் வேண்டும் என்று அவர் விரும்பினார். அருகிலிருந்த ரோட் ஐலண்டு மாநிலத்தின் பாடக்கெட் ஊரில், மார்த்தா சேஸ் என்னும் அம்மையார் குழந்தைகளுக்குத் துணிப்பொம்மை செய்து விற்றுக்கொண்டிருந்தார். கணவர் மருத்துவர். பின்னல் துணியை நிரப்பி, முகம் வார்த்து, எண்ணெய் வண்ணம் பூசிய அந்தப் பொம்மைகளை நீரில் கழுவலாம்; அழுக்கு அண்டாது. அவரிடம் போயிற்று வேண்டுகோள். 1911-இல் வந்து சேர்ந்தாள் ஐந்தடி நான்கங்குல உயரமுள்ள பெண் ஒருத்தி. முழங்கை மடங்கும், முழங்கால் மடங்கும், இடுப்பும் வளையும். செய்தவரின் பெயரையே மாணவிகள் அவளுக்கு வைத்தார்கள்: ‘திருமதி சேஸ்’.

அவளிடம் என்ன கற்றார்கள்? நோயாளியைக் கட்டிலைவிட்டு எழுப்பாமலே விரிப்பை மாற்றுவது, உடலை ஒருபக்கமாகப் புரட்டுவது, முதுகு பிடித்துக்கொள்ளாமல் தூக்குவது, படுக்கையிலேயே குளிப்பாட்டுவது, கட்டுப் போடுவது. படிப்பவருக்கு இவை அற்ப வேலைகளாகத் தோன்றலாம். படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒருவரைப் புரட்டிப் பார்த்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்! 1914-இல் அவள் இன்னும் திருத்தம் பெற்று வந்தாள். கையில் ஊசி போட இடம் இருந்தது. உடலுக்குள்ளே நீர் தேங்கும் கலம் இருந்தது. எனிமா கொடுப்பதையும் சிறுநீர்க் குழாய் செலுத்துவதையும் அவளிடம் பழக முடிந்தது. கட்டுப்போடுவதை அறைத் தோழியின் கையில் பழகலாம். எனிமா கொடுப்பதை எந்தத் தோழியிடம் பழகுவது? அதுவரை அந்தச் சங்கடம் முழுவதையும் வார்டிலே கிடந்த ஒரு கூலிக்காரியின் மானம் அல்லவா ஏற்றுக்கொண்டிருந்தது! திருமதி சேஸ் வெட்கப்படவில்லை, வேதனைப்படவில்லை. நூறு பெண்களின் முதல் பிழையை முகம் மாறாமல் ஏற்றுக்கொண்டாள். பிற பள்ளிகளும் அவளை வாங்கின.

இதன் பிறகு பொம்மை மூச்சுவிடக் கற்றுக்கொண்ட கதையை விரைந்து சொல்லிவிடலாம். வாயோடு வாய் வைத்து மூச்சூட்டி உயிர்காக்கும் முறை சிறந்ததென்று 1950-களின் இறுதியில் பால்டிமோரில் பீட்டர் சேஃபர் என்னும் மருத்துவர் மெய்ப்பித்தார். எதனால் மெய்ப்பித்தார்? தாமே முன்வந்த மனிதர்களுக்கு மயக்கமருந்து கொடுத்து, தசைகளைச் செயலறச் செய்து, மூச்சு நின்ற நிலையில் பிறரைக்கொண்டு மூச்சூட்டச் செய்து! துணிந்து படுத்த அவர்களை வணங்கலாம். ஆனால் உலகமே கற்கவேண்டிய பாடத்துக்கு அத்தனை பேரைப் படுக்கவைக்க முடியுமா? 1960-இல் மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் முறையும் வெளிவந்தது. நலமாயிருப்பவரின் மார்பில் அதைப் பழகினால் விலா எலும்பு முறியும். அதே 1960-இல் நார்வே நாட்டு ஸ்டாவங்கர் நகரப் பொம்மை வணிகர் ஆஸ்முண்டு லார்டால், மென்பிளாஸ்டிக்கில் ஓர் உருவத்தைச் செய்தார்: ‘ரெசசி ஆன்’. அவளுக்கு அவர் தந்த முகம், பாரிசில் வார்க்கப்பட்ட ஒரு முகமூடியின் முகம். சேன் நதியில் மூழ்கி இறந்த பெண்ணின் முகம் அது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். உறுதியான சான்று இல்லை. மீண்டும் ஒரு பொம்மைக்காரர்தான் வந்தார் என்பதைக் கவனியுங்கள். அதே பத்தாண்டில் தென்கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆப்ரகாம்சன், டென்சன் என்ற இருவர் கணிப்பொறியோடு இணைத்த ‘சிம் ஒன்’ உருவத்தை உண்டாக்கினர். அது மூச்சுவிட்டது, இமைத்தது, இதயம் துடித்தது.

பொம்மையிடம் பழகியவர் மனிதரிடம் வந்து தடுமாறமாட்டாரா? நியாயமான ஐயம். ஐயத்தை ஐயமாகவே விட்டுவிடாமல் அளந்து பார்த்தார்கள். அமெரிக்க மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசிய மன்றம் பத்துப் பள்ளிகளில் ஆய்வு நடத்தி, 2014-இல் முடிவை வெளியிட்டது. ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல் மருத்துவமனைப் பயிற்சி. ஒரு பிரிவினருக்கு அந்த நேரத்தில் கால்பங்கு பாவனைப் பயிற்சி. மற்றொரு பிரிவினருக்குச் சரிபாதி பாவனைப் பயிற்சி. படிப்பு முடித்து, உரிமத் தேர்வும் எழுதி, வேலையில் சேர்ந்து ஆறுமாதம் ஆனபின்னும் பார்த்தார்கள். மூன்று பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் வெளியிட்ட பட்டப்படிப்புப் பாடத்திட்டத்திலும் பாவனைப் பயிற்சிக்கு இடம் ஒதுக்கப்பட்டது.

ஆனால் அந்த ஆய்வின் முடிவு, பொம்மை வாங்கிப் பூட்டிவைத்த பள்ளிக்குப் பொருந்தாது. பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். அதைவிட முக்கியமாக, பாவனை முடிந்தபின் உட்கார்ந்து பேசுதல் வேண்டும். ‘அந்த நேரத்தில் ஏன் அந்த மருந்தை எடுத்தாய்? என்ன நினைத்தாய்? எதைக் கவனிக்கத் தவறினாய்?’ என்று கேட்டு, திட்டாமல், பதிலைக் காத்திருந்து வாங்கவேண்டும். கற்றல் அங்கேதான் நிகழ்கிறது என்று இத்துறையினர் சொல்கிறார்கள். தவறிய மாணவனைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தியே பழகிய நம் ஆசிரியர் உலகத்துக்கு, பொம்மை வாங்குவதைவிடக் கடினமான வேலை அது. நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

பொம்மையால் ஆகாத ஒன்றும் உண்டு. அது ‘வலிக்கிறது, மெல்ல’ என்று சொல்லாது. அஞ்சி முகத்தைத் திருப்பிக்கொள்ளாது. வீட்டில் விட்டுவந்த குழந்தையை நினைத்து அழாது. கை பழகிவிட்ட செவிலிக்குக் காது பழகாமற் போகலாம். இதையும் எண்ணியவர் இருந்தார்: 1963-இல் ஹவர்டு பாரோஸ் என்னும் நரம்பியல் மருத்துவர், நோயாளியைப்போல் நடிக்கத் தெரிந்தவரை மாணவர்முன் அமர்த்தினார். அவர் நடித்தார், மாணவர் கேட்டார், முடிவில், மாணவர் தம்மை எப்படி நடத்தினார் என்று அந்த ‘நோயாளி’யே சொன்னார். பொது வார்டில் கிடந்த ஏழையை அதுவரை எவரும் கேட்டறியாத கேள்வி அது.

து கூத்ரே அம்மையார் 1794-இல் மறைந்தார். அவர் வடித்த பொம்மைகளில் ஒன்று பிரான்சின் ரூவான் நகரில், ஃபிளோபேர் பெயர்கொண்ட மருத்துவ வரலாற்றுக் காட்சியகத்தில் இருக்கிறது. துணி நிறம் மங்கியிருக்கிறது. தையல் இன்னும் பிரியவில்லை. அதை எக்ஸ்-கதிரில் படம்பிடித்துப் பார்த்தபோது, பஞ்சுக்கும் தோலுக்கும் உள்ளே மரச்சட்டம் அன்று, மெய்யான இடுப்பெலும்பு இருந்தது தெரிந்தது. ஓர் இளம்பெண்ணுடையது. அவள் எவள் என்று தெரியவில்லை.