நாய்வண்டிப் பந்தயமும் அதன் இரசிகரும்

வாழ்க்கைத் தேவையாற் பிறந்த தொழில்கள் பல, அத்தேவை மறைந்தபின் விளையாட்டாக எஞ்சி நிற்பதை வரலாற்றிற் காண்கிறோம். அலாஸ்காவில் நடைபெறும் நெடுந்தூர நாய்வண்டிப் பந்தயம் அத்தகையது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நிகழும் இடிட்டரோட் பந்தயத்தில், நாய்கள் பூட்டிய சறுக்குவண்டியுடன் சாரதி ஒருவர் ஏறத்தாழ ஆயிரம் மைல் பனிவெளியைக் கடந்து, பெரிங் கடற்கரையிலுள்ள நோம் நகரை அடைகிறார். அவரைத் தூரதேசத்திலிருந்து பின்தொடரும் இரசிகர், வண்டியிற் பொருத்திய கருவி செய்மதி வழியாக அனுப்பும் சைகையைக் கொண்டு, தேசப்படத்தில் நகரும் ஒரு புள்ளியாகவே அவரைக் காண்கின்றனர். எங்கே ஓய்ந்தார், கட்டாயமான இருபத்துநான்கு மணிநேர ஓய்வை எந்த ஊரில் எடுத்தார், நாய்களின் வேகம் குறைகின்றதா என்றெல்லாம் கணக்கிட்டு மகிழ்கின்றனர். நாமும் அவ்வாறு மகிழ்பவர்களே. ஆயின் அப்புள்ளி எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்பதை வரலாறே நமக்கு உணர்த்தும்.

இவ்வாறு தொலைவிலிருந்து பந்தயத்தைத் தொடர்வது புதிய வழக்கமன்று. நோம், பொன் தேடி வந்தோரால் உருவான நகர். அங்கு 1908ஆம் ஆண்டில், நோமிலிருந்து காண்டில் என்னும் ஊர்வரை சென்று திரும்பும் 408 மைல் பந்தயம் முதன்முறையாக நடைபெற்றது. வழிநெடுகத் தொலைபேசிக் கம்பி இருந்தமையால், எந்த வண்டி எங்கே வருகின்றது என்ற செய்தி உடனுக்குடன் நகரை எட்டியது. சாரதி பனிப்புயலிற் போராட, நகரத்தார் பணயம் வைத்துக் காத்திருந்தனர். 1910இல் ஜோன் ஜோன்சன் எழுபத்துநான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அத்தூரத்தைக் கடந்து வென்றார். அவரது வெற்றி பேசப்பட்ட அளவுக்கு, அவர் ஓட்டிய சைபீரிய நாய்களின் இனத்தைப் பல தலைமுறைகளாகப் பேணி வளர்த்த சுக்சி மக்களின் அறிவு பேசப்படவில்லை.

பந்தயம் ஆண்டில் ஒருமுறையே. ஏனைய நாட்களில் நாய்வண்டி உழைப்பின் சாதனமாகவே இருந்தது. அலாஸ்காவின் ஆதிக்குடிகள் நெடுங்காலமாகப் பயன்படுத்திய அவ்வண்டியே தபாலையும் உணவையும் சரக்கையும் குளிர்காலத்தில் ஊரூராகச் சேர்த்தது. 1925ஆம் ஆண்டு ஜனவரியில் நோம் நகரில் டிப்தீரியா என்னும் தொண்டைநோய் பரவிக் குழந்தைகள் இறக்கத் தொடங்கியபோது, வைத்தியர் கேர்ட்டிஸ் வெல்ச் மருந்து வேண்டித் தந்தி அனுப்பினார். புகையிரதத்தில் நெனானா வரை வந்த மருந்தை அங்கிருந்து 674 மைல் கொண்டுசென்றவர் இருபது சாரதிகள். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறி, ஏறத்தாழ நூற்றைம்பது நாய்களின் உழைப்பால், ஐந்தரை நாட்களில் மருந்து நோமை அடைந்தது.

இந்நிகழ்ச்சியிலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட பெயர் பால்ட்டோ. இறுதிப் பகுதியை ஓட்டிய குன்னார் காசனின் முன்னணி நாய் அது. அவ்வாண்டு டிசம்பரிலேயே நியூயோர்க் பூங்காவில் அதற்குச் சிலை எழுந்தது. மிக நீண்ட பகுதியை, ஆபத்து நிறைந்த நோர்ட்டன் குடாவின் உறைபனி மீது கடந்தவர் லெனார்ட் செப்பாலா. அவரது முன்னணி நாய் டோகோ. பால்ட்டோவா, டோகோவா என்ற வாதம் இரசிகரிடையே நூறாண்டுகளாகத் தொடர்கின்றது. இருவரில் எவர் வென்றாலும் இவ்வாதம் குறையுடையதே. இருபது சாரதிகளுட் பெரும்பாலோர் அத்தபஸ்கன், இனுப்பியாக் முதலிய ஆதிக்குடியினர். சார்லி எவன்ஸ் என்பவரின் நாய்கள் இரண்டு கடுங்குளிரில் விழுந்தபோது, அவரே வாரைத் தோளிற் கட்டி வண்டியை இழுத்தார். அவருக்கு எப்பூங்காவில் சிலை உண்டு? கூட்டுழைப்பால் நிகழ்ந்ததைத் தனிவீரனின் கதையாக்குவது, பத்திரிகைகளுக்கு எளிது, வரலாற்றுக்கோ அநீதி.

புகழ்பெற்ற பால்ட்டோவின் கதியும் சிந்திக்கத்தக்கது. சில காலத்துள் அது லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் காசுக்குக் காட்டப்படும் வேடிக்கைப் பொருளாயிற்று. 1927இல் கிளீவ்லாந்து நகரப் பாடசாலைப் பிள்ளைகள் உள்ளிட்ட பொதுமக்கள் சேர்த்த பணமே அதனை மீட்டது.

பின்னர் விமானமும், அதன்பின் பனியில் ஓடும் இயந்திர வண்டியும் வந்தன. செயின்ட் லோரன்ஸ் தீவைச் சேர்ந்த செஸ்டர் நூங்வுக் என்பவர் 1963ஆம் ஆண்டு வரை நாய்வண்டியில் தபால் கொண்டுசென்றார். அத்தொழிலின் இறுதிச் சாரதி அவரே. ஊர்களில் நாய்க்கொட்டில்கள் வெறுமையாயின. அந்நிலையிலேயே ஜோ ரெடிங்டன், டொரத்தி பேஜ் ஆகியோர் பழைய பாதையையும் நாய்வளர்ப்பையும் காக்கும் நோக்குடன் பந்தயத்தை உருவாக்கினர். நோம் வரையான முதற் பந்தயம் 1973இல் நடைபெற்றது. டிக் வில்மார்த் ஏறக்குறைய இருபது நாட்களில் வென்றார். இப்பந்தயம் மருந்தோட்டத்தின் நினைவாகவே தோன்றியது என்று பலர் நம்புகின்றனர். மறையும் ஒரு வாழ்க்கைமுறையைக் காப்பதே தோற்றுவித்தோரின் தலையாய நோக்கம்.

அந்நோக்கம் நிறைவேறியதா? 1974, 1975, 1976 ஆகிய மூன்றாண்டுகளிலும் கார்ல் ஹண்டிங்டன், எமிட் பீட்டர்ஸ், ஜெரி ரைலி என ஆதிக்குடிச் சாரதிகளே வென்றனர். அதன்பின் 2011இல் ஜோன் பேக்கர் வெல்லும்வரை அவர்களுள் வேறெவரும் வெல்லவில்லை. இடைப்பட்ட காலத்தில் பந்தயம் பெரும் நாய்ப்பண்ணைகளும் விளம்பரப் பணமும் வேண்டும் தொழிலாக மாறியிருந்தது. மீன்பிடித்து நாய்களுக்கு ஊட்டிய கிராமத்துச் சாரதிக்கு அது எட்டாத செலவு. 2023இல் களமிறங்கியோர் முப்பத்துமூவர் மட்டுமே. அதுவரையிற் கண்ட மிகக் குறைந்த தொகை அது. 2024ஆம் ஆண்டுப் பந்தயத்தில் மூன்று நாய்கள் இறந்தன என்பதையும் இரசிகர் மறைத்தலாகாது. இழுக்கும் உயிரின் நலனைக் கேட்பவர் விளையாட்டின் பகைவரல்லர்.

எனினும் இப்பந்தயத்தில் நாம் போற்றவேண்டிய மரபொன்றுண்டு. பந்தயம் தொடங்கியதும் நோமில் ஒரு விளக்கு ஏற்றப்படுகின்றது. வென்றவர் வந்தபின்னும் அது அணைவதில்லை. கடைசிச் சாரதி எல்லையைக் கடந்தபின்னரே அணைக்கப்படும். அவருக்குச் செவ்விளக்கு ஒன்று பரிசாக வழங்கப்படுகின்றது. பனிவெளியில் எவரேனும் இன்னும் வழியில் உள்ளார் என்பதற்கு அடையாளமாக, வழித்தங்குமிடங்களில் விளக்கேற்றி வைத்த தபால்காலத்து வழக்கமே இவ்வாறு தொடர்கின்றது.

முதல்வரைக் கண்டதும் தேசப்படத்தை மூடிவிடுபவர் பந்தயத்தின் பாதியையே கண்டவராவார். கடைசிப் புள்ளி நோமை அடையும்வரை காத்திருப்போம். அப்புள்ளிக்கு முன்னே அதே பாதையில் தபாலும் மருந்தும் சுமந்தோரின் பெயர்களையும் கேட்டறிவோம்.